ஏழு தகடு, ஒன்பது காம்பரா

ஜெயம்மாவின் வாய் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால், சுகந்தினி நிம்மதியாகத் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

நிவித்திகலயில் முக்தாரின் வெல்டிங் பட்டறையில் படம் வரைவதுதான் சுகந்தினியின் வேலை. தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டவள். மிச்சத்தை முக்தாரின் இரும்பைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டாள். கிழமை முடிவில் கலவானப் பக்கம், அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் காம்பரா காம்பராவாகத் தடுத்த வரிசை வீட்டுக்கு, வருவாள். அப்படி வந்த ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு சங்கதி சொன்னாள். லயத்துக்குக் கீழே ராஜதுரை முதலாளி நடத்தும் கறுவா இலை எண்ணெய்க் கொட்டிலுக்குப் புதுக் கண்டென்சர் செய்யும் வேலை முக்தாரிடம் வந்திருக்கிறது. எண்ணெய் ஆவியைக் குளிரவைக்கிற தண்ணீர் சும்மா வெளியே போகாது, ஆவியின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும்.

"அது மட்டும் நம்ம பக்கம் விழுந்தா, நீங்கல்லாம் சுடுதண்ணியில குளிக்கலாம்மா."

ஜெயம்மா அந்த 'மட்டும் விழுந்தா'வைக் கழித்துவிட்டு மிச்சத்தை லயம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அந்தப் பக்கத்து மழையைப் பார்த்தவர்களுக்கு இதில் இருக்கிற ஆசை புரியும். கொழுந்து பறித்துவிட்டு, நனைந்த சாக்கோடும் காலில் அட்டையோடும் வருகிற பெண்களுக்கு, லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற ஒரு பீலி. அதில் வருகிற தண்ணீர் எலும்பில் அடிக்கும். சுடவைக்கலாம் என்றால் விறகும் ஈரம். அந்தப் பீலியில் முதல் ஆளாகக் குளிக்கிற உரிமை ஜெயம்மாவுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. முழங்கையாலும் வாயாலும் பிடித்தது.

அடுத்த காம்பரா கோகிலாவுக்கு அந்த முதல் இடத்தின்மேல் எப்போதும் ஒரு கண். சுடுதண்ணீர்க் கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஒம் மக கண்டென்சரு செய்றா சரி. முதலாளி நமக்குச் சுடுதண்ணி விடுவாரா? அவரு கடையில ஒரு கிளாஸ் தண்ணி கேட்டாலே டீயா குடிங்கன்னு சொல்ற மனுசன்."

"வராட்டி பீலியில கடைசி ஆளா நிக்கிறேன்டி. சாகிற வரைக்கும். வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். நீயே முதல் ஆளு."

பேச்சோடு நிறுத்தவில்லை. கொட்டிலின் முற்றத்தை ஒட்டி, லயத்து எல்லையில், தகரம் அடித்துக் குளிக்க ஒரு மறைப்பும் கட்டிவிட்டார்கள். தகரத்தில் பாதி கோகிலாவுடையது. தோற்கிறவளின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் கொடுத்தாள்.

விஷயம் காதுக்கு வந்தபோது சுகந்தினிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் விழுந்தான்னுதானே சொன்னேன்? விழும்னா சொன்னேன்?"

"விழ வை," என்றாள் ஜெயம்மா, வெங்காயம் அரிந்துகொண்டே. "அதுக்குத்தானே படிச்சே, பாதியாவது?"

*

கொட்டிலை அளக்கப் போன அன்று ராஜதுரை முதலாளி குடையோடு வந்து நின்றார். கலவான கடைவீதியில் இரண்டு கடை, இங்கே ஒரு எண்ணெய்க் கொட்டில். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் எலுமிச்சம்பழம். கொட்டிலுக்கு அந்தப் பக்கச் சரிவில் இரண்டு அறை புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது.

"சிங்கராஜ காட்டப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்களுக்கு," என்றார். "சுடுதண்ணி இருந்தாத்தான் வருவாங்களாம். கரண்டுல சுடவச்சா நான் காவி கட்டணும். கண்டென்சர் தண்ணி அங்க போற மாதிரி போட்டுடு புள்ள. ஹரியா, சரிதானே?"

கொட்டிலுக்கு இந்தப் பக்கம் தகர மறைப்பு பளபளவென்று நின்றது. அதை அவர் பார்த்துவிடாதபடி சுகந்தினி குடைக்கும் மறைப்புக்கும் நடுவில் நகர்ந்து நின்றுகொண்டாள்.

"தண்ணி எந்தப் பக்கம் விழும்கிறது தகட்டோட எண்ணிக்கையில இருக்கு முதலாளி," என்றாள். அது பொய்யில்லை.

கண்டென்சர் என்பது ஒரு பெரிய குழாய்க்குள் ஒரு கட்டு சின்னக் குழாய்கள். சின்னக் குழாய்களுக்குள் ஆவி போகும், சுற்றிலும் தண்ணீர் போகும். தண்ணீரைச் சும்மா விட்டால் ஒரு ஓரமாகவே ஓடிப்போய்விடும். அதனால் குறுக்கே தகடுகள். படத்தில் பஃபிள் என்று எழுதுவாள், பட்டறையில் எல்லாருக்கும் அது தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பக்கம் வெட்டு. முதல் தகட்டில் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம். தண்ணீர் அந்த வெட்டுகளைத் தேடி வளைந்து வளைந்து போகும்போது எல்லாக் குழாயையும் தொட்டுவிட்டுப் போகும். குழாய்கள் தொங்காமல் தாங்குவதும் அதே தகடுகள்தான்.

இந்தத் தகடுகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நெருக்கிப் போட்டால் நன்றாகக் குளிரும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீரின் தள்ளும் பலம் கரையும். அகட்டிப் போட்டால் பலம் மிஞ்சும். ஆனால் குளிர்ச்சி போதாது, தாங்கலில்லாத குழாய்கள் நடுங்கி நடுங்கித் தேயும். இங்கே பம்ப்பும் கிடையாது. மலைமேல் பாறைக் குட்டையிலிருந்து லயத்தை ஒட்டி இறங்கி வருகிற குழாய்தான். அது எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான்.

தண்ணீர் நுழைவது லயத்துப் பக்கம். தகடு இரட்டைப்படையில் இருந்தால் எதிர்ப்பக்கம், அதாவது வெள்ளைக்காரன் அறைப் பக்கம், வெளியே வரும். ஒற்றைப்படையில் இருந்தால் நுழைந்த பக்கத்துக்கே திரும்பி வரும். கணக்குப்படி சரியாக வந்தது ஆறு.

ராஜதுரை முதலாளியின் கடைக்கு ஏழு படி. வெற்றிலை கொடுத்தால் ஐந்து. வேலையாள் ஒருவன் நின்றுவிட்டால், மிஞ்சியவர்கள் இரட்டைப்படையாகிவிடக் கூடாது என்று இன்னொருவனையும் அனுப்பிவிடுவார். இதெல்லாம் சுகந்தினிக்குத் தெரியும். கலவானயில் தெரியாதவர்கள் இல்லை.

"சரியா வர்றது ஆறு முதலாளி," என்றாள், முகத்தைப் பச்சைத் தண்ணீர் மாதிரி வைத்துக்கொண்டு. "ஆறு போட்டா அந்தப் பக்கம் விழும்."

"ஆறா?"

"ஆறு."

"ரெட்டைப்படையா? என் கொட்டில்லயா?" அவர் கை தானாக எலுமிச்சம்பழத்துக்குப் போனது. "போன மாசம் ரெண்டு பீப்பா எண்ணெ புளிச்ச வாடை அடிச்சிச்சு தெரியுமா? ஏன்? பழைய கண்டென்சர்ல எட்டுச் சுருள். எண்ணிப் பாத்தேன். வேணாம்! ஒத்தப்படையா சொல்லு."

"அஞ்சு போடலாம், ஏழு போடலாம். ஆனா தண்ணி இந்தப் பக்கமாத்தான் வரும்."

முதலாளி யோசித்தார். கண்டென்சர் உட்காரப்போகும் இடத்தைப் பார்த்தார். சுவரோடு ஒட்டிய கொங்கிறீட் மேடை, ஒரு முனையில் அடுப்புக் குழி, மறு முனையில் எண்ணெய் பிரியும் பீப்பாய்கள். பிறகு முகம் மலர்ந்தது.

"வந்தா என்ன? வெளிய வந்த பொறகு ஒரு ஹோஸைப் போட்டு, செவுத்துக்கு மேலால தூக்கி அந்தப் பக்கம் எறக்கிக்கலாமே!"

"தூக்கிக்கலாம்," என்றாள் சுகந்தினி.

"அஞ்சா ஏழா?"

இங்கேதான் அவள் யோக்கியமாக இருந்திருக்கலாம். ஐந்து போட்டால், வெளியே வரும் தண்ணீரில் சுவர் தாண்டுகிற அளவுக்குத் தெம்பு மிஞ்சும். ஏழு போட்டால் கண்டென்சருக்குள்ளேயே எல்லாம் தீர்ந்து, நாக்குத் தள்ளிக்கொண்டு வந்து விழும். தண்ணீர் குறைவாக, மெதுவாக ஓடுவதால் சூடும் கூடும். எண்ணெய்க்கு ஏழில் ஒரு குறையும் இல்லை. வெயில் காலத்தில் குட்டை வற்றினாலும் தாங்குமா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாள். தாங்கும்.

"ஏழுதான் நல்லது முதலாளி. ஒரு சொட்டு எண்ணெ ஆவியாப் போகாது. குழாயும் ஆடாது."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லாமல் விட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"ஏழு! கடைப் படி மாதிரி!" என்றார் முதலாளி.

*

பட்டறையில் வேலை மளமளவென்று நடந்தது. பெரிய குழாயில் தண்ணீர் நுழையும் வாயும் வெளியேறும் வாயும் ஒரே பக்கத்தில் ஏறின. ஏழு தகடும் கோர்த்த குழாய்க் கட்டு, உள்ளே தள்ளுவதற்குத் தயாராக மரக்குற்றிகள்மேல் கிடந்தது. தள்ளிவிட்டால் பிறகு யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து இறங்கினார். கையில் தட்டு. தட்டில் பூ, சூடம், தேங்காய்.

"மூடுறதுக்கு முன்னால ஒரு பூசை. முக்தார், ஒனக்கு ஆட்சேபனை இல்லையே?"

"தேங்கா எனக்குத் தந்தீங்கன்னா ஒண்ணுமில்ல," என்றார் முக்தார்.

முதலாளி சூடத்தை ஏற்றாமல் நின்றார். குழாய்க் கட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்துக்கொண்டே நடந்தார். நீளமாக, வரிசையாக, தகட்டுச் சுவர்களால் பிரித்துக் கிடந்தது அது.

"அட, லயம் மாதிரியே இருக்கே!" என்று சிரித்தார். பிறகு விரலை நீட்டினார். "ஒரு காம்பரா, ரெண்டு காம்பரா, மூணு..."

லயத்தை யாரும் சுவர்களை வைத்து எண்ணுவதில்லை. காம்பராவை வைத்துத்தான் எண்ணுவார்கள். படத்தைப் போட்ட அன்றிலிருந்து சுகந்தினி தகட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். லயத்தில் பிறந்தவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

"...ஏழு. எட்டு." விரல் அந்தரத்தில் நின்றது. "எட்டா? எட்டுக் காம்பராவா?"

"தகடு ஏழு முதலாளி. அப்ப நடுவுல எட்டு..."

"சனியன் நம்பர்! பழசுலயும் எட்டு, புதுசுலயும் எட்டா? கழட்டு! முக்தார், ஒரு தகட்டக் கழட்டு. ஏழு காம்பராவா ஆக்கு."

முக்தார் தலையைச் சொறிந்தார். "கழட்டினா ஆறு தகடு. தண்ணி அந்தப் பக்கத்தால வரும் முதலாளி. வாயை அறுத்து அந்தப் பக்கம் திருப்பி ஒட்டணும். செய்யேலாத வேலை இல்ல."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு சுவரைத் தாண்டிச் சரிவில் நிற்கும் இரண்டு அறைகளை மனதில் பார்த்தார். அவர் முகத்தில் சூடம் ஏற்றாமலே வெளிச்சம் வந்தது.

"இது என்னடா, சாமியே வழி விடுது! அறு முக்தார், அறு! ஹோஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

முக்தார் கண்ணாடியை இறக்கி, காஸ் கட்டரை எடுத்தார். சுகந்தினியின் கண்ணுக்குள் பீலியின் கடைசியில் வாளியோடு அம்மா நின்றாள். முன்னால் கோகிலா, மயிரை அவிழ்த்து, அவசரமே இல்லாமல், சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மட்டுமில்லை. சாகிற வரைக்கும்.

கோகிலாவின் காம்பரா. அந்த இடத்தில் அவள் மூளை பிடித்துக்கொண்டது.

"முதலாளி, போன தைப் பொங்கலுக்கு எங்க லயத்துக்கு எத்தனை பொட்டலம் சக்கர அனுப்பினீங்க?"

"இப்ப எதுக்கு அது? ஒம்பது. ஒங்க லயத்துல ஒம்பது காம்பராதானே."

"வெள்ளைக்காரத் தொரமாரு காலத்துல கட்டினது எட்டு."

"அது எப்பவோ. கோகிலாட மகன் கல்யாணம் முடிச்சு, கடைசிக் காம்பராவ மறிச்சான்ல?"

"பாதிச் செவுருதானே மறிச்சான்? மேலயும் தெறப்பு, ஓரத்துலயும் தெறப்பு. பூனை போகுது, பொக வருது. அம்மாவும் மகனும் செவுத்துக்கு மேலால சண்ட போடுறாங்க."

"பாதியோ முழுசோ. தனி அடுப்பு எரியுதுல்ல? அப்ப காம்பராதான்." முதலாளிக்கு இதில் சந்தேகமே இல்லை. பொட்டலம் குறைந்திருந்தால் அந்த மருமகள் கடைவாசலில் வந்து நின்றிருப்பாள்.

சுகந்தினி குழாய்க் கட்டின் கடைசி இடைவெளியைக் காட்டினாள். வெளியேறும் வாய்க்கு இடம் விடுவதற்காக மற்றவற்றைவிட அது அகலமாக இருந்தது.

"இந்தக் கடைசிக் காம்பரா பெருசு. குழாய்களுக்கு இங்க ஒரு முட்டு இருந்தா நல்லதுன்னு எனக்கும் ஒரு யோசனை இருந்துச்சு. நடுவுல ஒரு பாதித் தகடு வச்சு மறிச்சுடுவோம். ரெண்டு ஓரமும் தெறந்தே இருக்கும். ஒம்பது காம்பரா."

"தண்ணி?"

"தண்ணிக்கு அது செவுரே இல்ல. பூனை மாதிரி ஓரத்தால போயிடும்."

முதலாளி மறுபடி விரலை நீட்டி, வராத தகட்டையும் சேர்த்து எண்ணினார். "ஒம்பது," என்றார் மெதுவாக. ஒன்பதைவிடப் பெரிய எண்ணை அவர் எங்கே தேடுவார்? சரிவில் நிற்கும் இரண்டு அறைகள் அவர் முகத்தில் ஒரு தடவை வந்து போயின. ஆனால் ஏழு ஏழுதான், ஒன்பது ஒன்பதுதான். ஹோஸ் எங்கே போய்விடப் போகிறது?

"மறி," என்றார். சூடத்தை ஏற்றினார்.

முக்தார் கட்டரை அணைத்துவிட்டு, சுகந்தினியின் காதோரம் வந்தார்.

"தங்கச்சி, அந்த முட்டு உண்மையாவே வேணுமா?"

"இருந்தா நல்லது முக்தார் நானா."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி எங்கம்மா செத்தா."

*

கொட்டில் திறந்த அன்று மழை விடவேயில்லை. அடுப்பு எரிந்தது, கறுவா இலை வெந்தது. கண்டென்சரின் ஒரு முனையில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பீப்பாயில் சொட்டத் தொடங்கியது. முதலாளி மூக்கை நீட்டி மோந்து பார்த்து, கண்ணை மூடினார். ஆவி ஒரு சுருள்கூட வெளியே போகவில்லை. அதில் யாருக்கும் குறையில்லை.

லயத்துப் பக்க வாயில் தண்ணீர் வந்தது. ஆவி பறந்தது. தகர மறைப்புக்குள் பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

"ஹோஸ் கொண்டாங்கடா!" என்றார் முதலாளி.

ஹோஸை வாயில் மாட்டி, சுவர்மேல் தூக்கிப் போட்டு, மறுபக்கம் போய் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹோஸுக்குள் தண்ணீர் ஏறியது. இடுப்பளவு வந்தது. அங்கேயே நின்றது. முதலாளி நுனியை உதறினார், உறிஞ்சிப் பார்த்தார், ஹோஸைத் திட்டினார். உள்ளே ஒரு குமிழி கொடக் என்றது. அவ்வளவுதான்.

சுவரைச் சுற்றி மூச்சு வாங்க வந்தார்.

"ஏன் புள்ள ஏறல?"

"ஏழு தகட்டச் சுத்தி வந்த தண்ணி முதலாளி. இருந்த தெம்பெல்லாம் உள்ளயே போயிடுச்சு. செவுரு ஏற மாட்டேங்குது."

அவர் கண்டென்சரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தகர மறைப்பை முதல் தடவையாகப் பார்த்தார். மறைப்புக்குள் ஒரு பாட்டு ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் மூளை மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் கூட்டிக் கழித்தது.

"அஞ்சு போட்டிருந்தா?"

"அஞ்சு போட்டிருந்தா ஏறியிருக்கும்."

"அஞ்சும் ஒத்தப்படைதானே."

"ஆமா முதலாளி."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க கடைப் படி மாதிரின்னு சந்தோசப்பட்டீங்க."

முதலாளி விரல் விட்டு எண்ணினார். "ஒரு தகட்டக் கழட்டினா?"

"ஆறு."

"ரெண்டு கழட்டினா?"

"அஞ்சு தகடு, பாதிச் செவுரோட ஏழு காம்பரா. செய்யலாம். ஆனா பூசை பண்ணி மூடினதத் தெறக்கணும். அறுத்துத்தான் தெறக்கணும்."

சூடம் காட்டி மூடியதை அறுக்கிற ஆளில்லை ராஜதுரை முதலாளி. அது அவளுக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது இப்போது அவருக்கும் தெரியும். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் போட்டார்.

"முக்தார்கிட்ட சொல்லு," என்றார், "அடுத்த வேலைக்கு வேற ஆள அனுப்பச் சொல்லி." இரண்டு அடி போய்த் திரும்பினார். "எண்ணெ நல்லா வருது."

ஹோஸைச் சுருட்டக்கூட நிற்காமல் போய்விட்டார். சுகந்தினி போய் அதை வாயிலிருந்து பிடுங்கி எறிந்தாள். தண்ணீர் சளசளவென்று மறைப்புக்குள் இறங்கியது.

அடுத்த நொடி உள்ளேயிருந்து ஒரு கூச்சல். ஜெயம்மாவுடையது.

"அய்யோ! சுடுதுடி பாவி! தோலு உரியுதுடி! அடியே சுகந்தி, இது குளிக்கிற தண்ணியா, கோழி உரிக்கிற தண்ணியா?"

சுகந்தினி தலையில் அடித்துக்கொண்டாள். சூடு கூடும் என்று தெரியும். எவ்வளவு கூடும் என்பதை எண்ணெய்க்குப் பார்த்தாளே தவிர, அம்மாவின் முதுகுக்குப் பார்க்கவில்லை.

"பீலித் தண்ணி கலந்து ஊத்துங்கம்மா!"

"பீலி அங்க கெடக்கு! யாரு தூக்கிட்டு வர்றது?"

கோகிலா மறைப்பின் வாசலில் துண்டோடு சாய்ந்து நின்றாள். தோற்றவளின் முகமாக அது இல்லை.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் ஜெயம்மாக்கா. சுடுதண்ணி வந்துச்சு, நான் தோத்துட்டேன். நீதான் முதல் ஆளு. இன்னைக்கும் நாளைக்கும், சாகிற வரைக்கும்." துண்டைத் தோளில் போட்டாள். "பச்சத் தண்ணி கொண்டாந்து பதமா கலந்து வையி. நீ குளிச்சு முடிச்ச பொறகு நாங்க நிதானமா வர்றோம்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. ஜெயம்மா ஈரச் சேலையோடு வெளியே வந்து, மகளை எரித்துவிடுவது போலப் பார்த்து, வாளியை நீட்டினாள்.

"என்னடி நிக்கிற? போய்ப் பீலியில தண்ணி புடிச்சிட்டு வா."